களம் யாருடையது?

தச்சனுடைய கையும் பாடகனுடைய சாரீரமும் நல்ல நிலையில் இருக்கும் வரைக்கும் அவர்களுடைய ஜீவனோபாயத்துக்குப் பெரிய ஆபத்து நேராது என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். மரத்துக்கும் ராகத்துக்கும் உரிமையாளர் என்று ஒருவர் கிடையாது. நேற்று வரை பாடி வந்த கல்யாணியில் இன்று முதல் ஒரு ஸ்வரத்தை மாற்றிவிட்டோம், வித்துவான்கள் இனி அப்படியே பாட வேண்டும் என்று எந்தக் கம்பெனியும் அறிக்கை விட முடியாது. ஆனால், பல்லாண்டு அப்பியாசத்தால் கைவரப்பெற்ற ஒரு வித்தை, அது நடைபெறும் களம் வேறொருவருடைய வியாபாரச் சரக்காக இருக்கிற ஒரே காரணத்தால், ஓர் இரவில் பாதி மதிப்பை இழந்துவிடக்கூடிய தொழில் ஒன்று நம் காலத்தில் தோன்றியிருக்கிறது. அதை நம்பி வாழ்கிறவர்களும் பல தேசங்களில் இருக்கிறார்கள். வீடியோ கேம்களில் சண்டை கேம் என்று சொல்லப்படும் வகையைத் தொழிலாக வரித்துக்கொண்ட ஆட்டக்காரர்களைத்தான் சொல்கிறேன்.

வீடியோ கேம் என்றதும், இது பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகளைக் கெடுக்கும் சமாசாரம் என்று முடிவுகட்டிப் பக்கத்தைப் புரட்ட முற்படும் வாசகரைச் சற்றே பொறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கெடுக்கிறதா இல்லையா என்பது இன்றைய விவகாரமில்லை. அந்த வித்தை எத்தகையது என்று தெரிந்துகொள்ளாமல் அதைச் சேர்ந்த நியாய அநியாயங்களைப் பேசுவது உசிதமாகாது என்பதற்காகவே சில வார்த்தை சொல்கிறேன். இருவர் எதிரெதிராகவோ பக்கத்தில் பக்கத்திலோ அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஒரு ஜாய்ஸ்டிக்கையும் சில பொத்தான்களையும் கொண்டு அதை நடத்துகிறார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்னும் பிரசித்தி பெற்ற கேமில் ஒரு சுற்றுக்கு 99 என்று கடிகாரம் ஓடத் தொடங்கும். தோள்கொடுக்க அணி கிடையாது. சீட்டாட்டத்தில் கைக்கு வந்து சேரும் அதிர்ஷ்டத்துக்கும் ஏறக்குறைய இடமே கிடையாது. திரையிலுள்ள காட்சி விநாடிக்கு 60 முறை மாறுகிறது. அப்படி மாறும் ஒவ்வொரு கணத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். ஒரு குத்து கிளம்புவதற்கு எத்தனை ஃபிரேம், அது எதிராளியைத் தீண்டக்கூடிய நிலையில் நிற்பது எத்தனை ஃபிரேம், நீட்டிய கை மீண்டு வருவதற்கு எத்தனை ஃபிரேம் என்று ஒவ்வோர் அடிக்கும் கணக்கு உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர் தம்முடைய பாத்திரத்துக்கு மட்டுமன்றி, எதிரே வந்து நிற்கக்கூடிய அத்தனை பாத்திரங்களுக்கும் இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

கணக்கு மட்டும் தெரிந்தால் ஜெயித்துவிடலாம் என்றில்லை. அடிக்க வருபவனைத் தடுக்கலாம். தடுத்துக்கொண்டு நிற்பவனைப் பிடித்து எறியலாம். பிடிக்க வருபவனை முந்திக்கொண்டு அடிக்கலாம். ஒன்றை ஒன்று வெல்லும் இந்த மூன்றுக்கும் நடுவில், எதிரி அடுத்த அரை விநாடியில் எதைச் செய்ய நினைப்பான், அவன் அப்படி நினைப்பதை நாம் ஊகித்துவிட்டோம் என்று அவனும் ஊகித்தால் எதற்கு மாறுவான் என்ற மனோதத்துவ யுத்தமே ஆட்டத்தின் சாரம். பார்வைக்குக் கைவேகம் போலத் தோன்றுவது பெரும்பாலும் முன்கூட்டியே எடுத்த தீர்மானமாக இருக்கும்.

இந்தத் தொழிலின் சரித்திரத்தை ஒரு மனிதருடைய வாழ்க்கையை வைத்துக்கொண்டே ஏறக்குறைய முழுவதும் சொல்லிவிடலாம். ஜப்பானில் 1981-இல் பிறந்த டைகோ உமேஹாரா, காப்காம் நிறுவனம் 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ வெளியிட்டபோது பத்து வயதை எட்டவிருந்த சிறுவர். அக்காலத்தில் ஜப்பானிய நகரங்களில் தெருவுக்குத் தெரு ஆர்கேடுகள் இருந்தன. காசு போட்டு ஆடும் எந்திரங்கள் நிறைந்த கூடங்கள் அவை. இரண்டு எந்திரங்களை முதுகோடு முதுகாக வைத்து இணைத்திருப்பார்கள். ஆடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. 100 யென் நாணயம் ஒன்றைப் போட்டு உட்கார்ந்தால், ஜெயித்துக்கொண்டிருக்கும் வரை எழுந்திருக்க வேண்டியதில்லை. தோற்றவர் மறுபடியும் காசு போட வேண்டும், அல்லது அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். கைச்செலவுக்குக் கிடைக்கும் சொற்பத் தொகையைக் கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் ஆட வேண்டுமானால், ஜெயித்துக்கொண்டே இருப்பதைத் தவிரச் சிறுவனுக்கு வேறு வழியில்லை. உலகத்தில் எந்தப் பயிற்சிக் கூடமும் மாணவனுடைய பிழையை இவ்வளவு கண்டிப்பாகவும், இவ்வளவு உடனுக்குடனும், அவன் சட்டைப்பையிலிருந்தே அபராதம் வசூலித்துத் திருத்தியிருக்குமென்று நான் நினைக்கவில்லை. அந்தக் கூடங்களில் தேறிய டைகோ, 1998-இல், தமது பதினேழாம் வயதில், அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகருக்குச் சென்று, அந்நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரான அலெக்ஸ் வாலேயை வென்று திரும்பினார்.

அவரை உலகமெங்கும் பிரசித்தமாக்கிய சம்பவம் 2004-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கலிபோர்னியாவில் நடைபெற்ற ஈவோ போட்டியில் நிகழ்ந்தது. ஈவோ என்பது சண்டை கேம்களுக்கென்றே ஆண்டுதோறும் கூடும் பெரும் போட்டி. 1996-இல் அதே மாநிலத்தின் சன்னிவேல் என்ற ஊரில் ஓர் ஆர்கேடில் 40 பேரோடு தொடங்கியது. அங்கே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இன் மூன்றாம் பதிப்பில், கென் என்ற பாத்திரத்தோடு டைகோவும், சுன்-லீ என்ற பாத்திரத்தோடு அமெரிக்கரான ஜஸ்டின் வாங்கும் மோதினார்கள். டைகோவின் பாத்திரத்துக்கு உயிர் ஒரு நூலிழையளவே மிச்சமிருந்தது. விசேஷத் தாக்குதலை வழக்கம்போலத் தடுத்தாலும் தடுப்பினூடே கசியும் சேதமே அவரை முடித்துவிடும். வாங் தம் பாத்திரத்தின் மகா தாக்குதலை ஏவினார்: சரமாரியான உதைகள், மொத்தம் பதினைந்து. அந்த கேமில் பேரி என்றொரு யுக்தி உண்டு. அடி வந்து தீண்டும் அதே கணத்தில், பின்வாங்காமல், ஜாய்ஸ்டிக்கை எதிரியை நோக்கித் தட்டினால் சேதம் சிறிதுமின்றி அடி விலகிப்போகும். கணம் தப்பினால் அடி முழுமையாக விழும். டைகோ பதினைந்து உதைகளையும் ஒவ்வொன்றாக அப்படியே விலக்கினார். கடைசி உதையை அந்தரத்தில் எழும்பி விலக்கினார். இறங்கும்போதே திருப்பித் தாக்கி ஆட்டத்தை முடித்தார். கண்டபின் கையை அசைப்பதற்கு அவகாசமில்லாத தாக்குதல் அது. எதிரி இப்போது இதைத்தான் செய்வான் என்று முன்பே நிச்சயித்துக்கொண்டவனுக்கு மட்டுமே அது சாத்தியம். கூட்டத்தின் ஆரவாரத்தோடு சேர்த்துப் பதிவான அந்தச் சில விநாடிகளை இன்றுவரை கோடிக்கணக்கான முறை மக்கள் பார்த்திருக்கிறார்கள்.

பார்த்தவர்களில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அது இறுதி ஆட்டமன்று. இறுதி ஆட்டத்தில் டைகோ மற்றொரு ஜப்பானியரிடம் தோற்றார். அந்த ஆண்டு அந்த கேமின் சாம்பியன் அவரல்லர்.

அதைவிட முக்கியமான சங்கதி, அந்தப் பிரசித்தியால் அவருக்கு ஜீவனத்துக்கு வழி பிறக்கவில்லை என்பது. சண்டை கேம் ஆடிச் சம்பாதிக்கும் உத்தியோகம் என்று அப்போது ஒன்று ஏற்பட்டிருக்கவில்லை. இருபத்து மூன்று வயதில் உலகத்திலேயே ஒரு காரியத்தை இவரைப்போலச் செய்ய வல்லவர் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒருவர், அந்தக் காரியத்தை விட்டுவிட்டு, மா-ஜோங் என்னும் சீன ஆட்டத்தில் சில ஆண்டுகள் தம் திறமையைப் பரீட்சித்துப் பார்த்தார். அதையும் துறந்து, முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். வயோதிகர்களுக்குப் பணிவிடை செய்த அந்தக் காலத்தைப் பற்றி அவர் பின்னாளில் கசப்பில்லாமலே எழுதியிருக்கிறார். அவர் கசப்படையவில்லை என்பது அவருடைய குணத்தைக் காட்டுகிறதே ஒழிய, அப்படி ஒரு நிலைமை நேர்ந்ததற்குச் சமாதானமாகாது.

2008-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 ஆர்கேடுகளுக்கு வந்த பிறகு அவர் மீண்டும் ஆட வந்தார். 2009-இலும் 2010-இலும் ஈவோவில் அந்த கேமின் சாம்பியன் பட்டத்தை அடுத்தடுத்து வென்றார். 2010-இல்தான், ஜாய்ஸ்டிக் முதலிய உபகரணங்களைச் செய்து விற்ற மேட் கேட்ஸ் என்ற நிறுவனம் அவருக்கு ஸ்பான்சராகி, ஜப்பானில் இந்த வகைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்ற அந்தஸ்துக்கு அவரை முன்னோடியாக்கியது. அந்த மேட் கேட்ஸ் 2017-இல் திவாலாகிவிட்டது. ஆட்டக்காரரைத் தாங்கிய கொம்பே முறிந்தது; ஆட்டக்காரர் வேறு கொம்பைத் தேடிக்கொண்டார். அவருக்குக் கிடைத்தது, எல்லோருக்கும் கிடைக்கும் என்பது என்ன நிச்சயம்?

இனி, களத்தின் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டை கேம்களில் ஓர் அடியோடு மற்றோர் அடியைத் தொடுத்து, எதிரி மீள்வதற்குள் மூன்று நான்கு என்று தொடர்ந்து அடிப்பதைக் காம்போ என்பார்கள். இன்று அது இல்லாத சண்டை கேமைக் கற்பனை செய்யவும் முடியாது. ஆனால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ உருவாக்கியவர்கள் அதைத் திட்டமிட்டு வைக்கவில்லை. தயாரிப்பின்போது தற்செயலாகப் புலப்பட்ட ஒரு குறை அது, யாருக்கும் எளிதில் கைவராது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் குறையை எடுத்து, ஆராய்ந்து, சாஸ்திரமாக்கியவர்கள் உலகெங்கும் இருந்த ஆர்கேடு வாலிபர்கள். கம்பெனி ஒரு சரக்கை விற்றது. வாங்கியவர்கள் அதை ஒரு கலையாக்கினார்கள். கலையாகிய பிறகு அதிலுள்ள பாத்தியதை முழுவதும் சரக்கை விற்றவருக்கே என்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். தர்மப்படி சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய ஆர்கேடு எந்திரத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. கம்பெனி புதிய பதிப்புகளை எத்தனை வெளியிட்டாலும், கூடத்தில் நிற்கும் பழைய எந்திரத்தின் உள்ளே இருந்த பலகை மாறாது. 2004-இல் டைகோ ஆடிய பதிப்பு 1999-இல் வெளியானது. இக்காலத்திலோ கேம்கள் இணையத்தின் வழியே திருத்தப்படுகின்றன. இந்தப் பாத்திரத்தின் உதை இரண்டு ஃபிரேம் தாமதமாகட்டும், அந்தப் பாத்திரத்தின் அடிக்குச் சேதம் குறையட்டும் என்று தயாரிப்பாளர் தீர்மானித்தால், அது ஒரே நாளில் உலகமெங்கும் அமலுக்கு வருகிறது. மாறுவதற்கு முந்திய கேமை ஆட யாருக்கும் வழியில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் அப்படி நடந்த ஒரு திருத்தத்தில் ரியூ என்ற பாத்திரம் பலவீனமாயிற்று. பல ஆண்டுகளாக டைகோ என்றால் ரியூ, ரியூ என்றால் டைகோ என்று ரசிகர்கள் சொல்லி வந்த உறவை அவர் 2017-இல் முறித்துக்கொண்டு, கைல் என்ற பாத்திரத்துக்கு மாற நேர்ந்தது. பாத்திரத்தை மாற்றுவதென்றால் சட்டையை மாற்றுவதன்று. விரல்களில் ஊறிப்போன பழக்கத்தை உதறிவிட்டு, தூரக் கணக்கையும் காலக் கணக்கையும் அடியிலிருந்து கற்க வேண்டும். திருத்தங்கள் எல்லாமே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பாத்திரம் மட்டும் எல்லையில்லாத பலத்தோடு இருந்தால் ஆட்டமே சலித்துவிடும். சமப்படுத்துவதும் ஒரு கடமைதான். ஆனால் அதைச் சமப்படுத்துகிறவர் அடுத்த மாதம் விற்கப்போகும் புதிய பாத்திரத்தின் வியாபாரியாகவும் இருக்கும்போது, எந்த மாற்றம் நியாயத்துக்காக, எந்த மாற்றம் லாபத்துக்காக என்று பிரித்தறிவது யாருக்கும் இயலாது. சதுரங்கத்திலும் காலப்போக்கில் விதிகள் மாறியிருக்கின்றன. ஆனால் காய்களை விற்கும் கடைக்காரர் அவற்றை மாற்றியதில்லை.

உரிமையாளர் மாற்றுவது ஒருபுறம் இருக்க, ஆடவே கூடாது என்று தடுக்கவும் அவரால் முடியும். நின்டெண்டோ நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ என்ற கேமை, நிறுவனம் கைவிட்ட பிறகும் அதன் அன்பர்கள் சொந்த முயற்சியால் உயிரோடு வைத்திருந்தார்கள். கொரோனா காலத்தில் நேரில் கூட முடியாமல் போகவே, இணையத்தில் ஆடுவதற்கு அன்பர்களே உண்டாக்கிய ஒரு மென்பொருளைக் கொண்டு 2020-இல் தி பிக் ஹவுஸ் என்ற போட்டியை நடத்த ஏற்பாடு செய்தார்கள். நின்டெண்டோ தன் உரிமையை நிலைநாட்டிக் கடிதம் அனுப்பியது, போட்டி ரத்தாயிற்று. அதில் பங்கெடுக்கவிருந்த ஆட்டக்காரர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. கம்பெனி மறந்துபோன கேமை அவர்கள் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

பரிசுப் பணத்தின் கதை இன்னும் விசித்திரமானது. சரக்கு விற்பனையோடு சேர்த்து அளிக்கப்படும் பரிசுகளுக்கு ஜப்பானியச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. கேமை விற்கும் நிறுவனமே அதில் ஜெயிப்பவருக்குப் பரிசு கொடுத்தால் அதுவும் வாடிக்கையாளரை இழுக்கும் இனாமாகக் கருதப்படலாம் என்ற அச்சத்தால் அங்கே பெரிய தொகைகள் நெடுங்காலம் சாத்தியப்படவில்லை. இதற்குப் பரிகாரமாக 2018-இல் ஒரு தேசியச் சங்கம் ஏற்பட்டு, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. உரிமம் பெற்றவருக்குக் கொடுப்பது இனாமல்ல, உழைப்புக்குக் கூலி என்று கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 2015-ஆம் ஆண்டு ஈவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இன் பட்டம் வென்ற யூசுகே மோமோச்சி, யார் தொழில்முறை ஆட்டக்காரர் என்பதை ஒரு சங்கம் நிர்ணயிப்பதை ஏற்க மறுத்து, அந்த உரிமத்தை வாங்கவில்லை. 2019-இல் டோக்கியோ கேம் ஷோவில் நடைபெற்ற போட்டியில் அவர் முதலிடம் பெற்றார். அதற்குரிய பரிசு 50 லட்சம் யென். உரிமம் இல்லாத குற்றத்துக்காக அவர் கைக்கு வந்தது அதில் ஒரு சிறு துணுக்கு. மேடையில் ஏறி ஜெயித்தவர் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமிருக்கவில்லை. ஒரு காகிதத்தின் பொருட்டுத் திறமையின் கூலியை மறுக்க முடியும் என்பது அன்றைக்குப் பிரத்தியட்சமாயிற்று.

அதற்கு நேர்மாறாக, பணம் கொட்டும் தருணங்களும் உண்டு. 2024-ஆம் ஆண்டு காப்காம் நடத்திய உலக இறுதிப் போட்டியில், அதற்கு முன் அதிகம் பேசப்படாத உமா என்ற புனைபெயர் கொண்ட தைவான் ஆட்டக்காரர் முதலிடம் பெற்றுப் பத்து லட்சம் டாலர் வென்றார். பத்திரிகைகள் இத்தகைய செய்திகளைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. 2023-இல் ஈவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆடப் பெயர் கொடுத்தவர்கள் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் என்பதை அடுத்த வரியில் போட்டால் சித்திரம் நேராகும். ஈவோவின் கதவு எல்லோருக்கும் திறந்தது. நுழைவுக் கட்டணம் செலுத்தினால் போதும், யாரும் உலக சாம்பியனுக்கு எதிரே உட்கார்ந்துவிடலாம். இரண்டு முறை தோற்றால் வெளியே. அந்த ஏழாயிரம் பேரில் பரிசு பெற்றவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களில் இதையே தொழிலாகக் கொண்டவர்கள், ஸ்பான்சர் கொடுக்கும் மாதப்படியாலும், தாம் ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டுவதாலும், கற்றுக்கொடுப்பதாலும் காலம் தள்ளுகிறார்கள். ஜெயிக்கும் திறமை வேறு, கேமராவின் முன் இனிக்கப் பேசும் திறமை வேறு. இரண்டாவது இல்லாதவருக்கு முதலாவது சோறு போடாத நிலை வந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

நம் அயல்நாடாகிய பாகிஸ்தானின் லாகூர் நகரத்து அர்ஸ்லான் சித்திக் என்பவரின் வரலாறு இதைக்காட்டிலும் நம் மனத்துக்கு நெருக்கமானது. அர்ஸ்லான் ஆஷ் என்ற பெயரில் டெக்கன் என்னும் சண்டை கேமை ஆடுகிறவர். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் ஈவோவின் ஜப்பானியப் போட்டி நடந்தபோது, விசாத் தாமதங்களையும் பயணத் தொல்லைகளையும் தாண்டி, களைத்துப்போய் வந்து சேர்ந்தார். யாரும் எதிர்பாராத விதமாகப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் நடைபெற்ற ஈவோவில், இந்த கேமின் சக்கரவர்த்தி என்று கொண்டாடப்பட்ட கொரியரான நீ என்பவரை இறுதி ஆட்டத்தில் வென்றார். தம்மைப்போல ஆடக்கூடியவர்கள் லாகூரில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று அர்ஸ்லான் சொன்னபோது, அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று பலர் எண்ணினார்கள். அந்தக் கொரியர் அப்படி எண்ணவில்லை; தாமே லாகூருக்குப் புறப்பட்டுப் போய், அங்குள்ளவர்களோடு ஆடிப் பார்த்து, அந்தப் பேச்சு உண்மை என்று கண்டுகொண்டார். தோல்வியைக் கற்க வேண்டிய பாடமாகக் கொண்டு, மூட்டை கட்டிக்கொண்டு வாத்தியார் இருக்கும் ஊருக்கே போகும் அந்தப் பண்பைப் பழைய காலத்து சங்கீத வித்துவான்களிடம் கேள்விப்பட்டிருக்கிறோம். அர்ஸ்லான் 2023-இலும் 2024-இலும் மறுபடி ஈவோ பட்டங்களை வென்றார். ஆனால் லாகூரிலிருக்கும் மற்றவர்களோ விசாவுக்காகத் தூதரக வாசல்களில் நிற்கிறார்கள். கேமுக்கு உரிமையாளர் ஒருவர் என்றால், கேம் நடக்கும் ஊருக்குப் போகும் வழிக்கு உரிமையாளர் வேறொருவர்.

இது வாலிபர்களின் தொழில், முப்பது வயதுக்குள் முடிந்துபோகும் என்ற அபிப்பிராயம் ஒன்று உலவுகிறது, அது சரியன்று. 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கத்துக்குரிய பிரிவாக இருந்தது. தங்கம் பெற்ற தென்கொரியர் கிம் குவான்-வூவுக்கு வயது 44. இந்தியாவும் அந்தப் பிரிவுக்கு இருவரை அனுப்பியிருந்தது. 2018-இல், டோக்கியோ பல்கலைக்கழகப் பட்டதாரியும் முந்திய ஆண்டின் ஈவோ சாம்பியனுமான டோக்கிடோவை, பத்து ஆட்டம் முதலில் ஜெயிப்பவர் வென்றவர் என்ற நிபந்தனையோடு நடந்த நீண்ட மோதலில் 10-க்கு 5 என்று டைகோ தோற்கடித்தபோது அவருக்கு வயது 36. கண்ணின் வேகம் குறையலாம். எதிரியின் மனத்தைப் படிக்கும் கலை முதிர முதிரக் கூடுகிறது. உடம்பு ஒத்துழைக்கும் காலம் நீளமாக இருக்கையில், ஒப்பந்தங்கள் மட்டும் ஒரு பருவத்துக்கு, ஓர் ஆண்டுக்கு என்று துண்டு துண்டாக இருப்பதுதான் பொருந்தாத விஷயம்.

இவ்வளவையும் கேட்டபின், டைகோவே இதற்கெல்லாம் விடை சொல்லிவிட்டார் அல்லவா என்று சிலர் கூறுவார்கள். 2012-இல் ஜப்பானிய மொழியில் வெளியான தம் நூலில், பட்டங்களைக் குறிக்கோளாக வைத்துக்கொண்டு நாள் முழுவதும் தம்மை வருத்திக்கொண்ட இளமைக்காலத்தை நினைவுகூர்ந்து, பிற்காலத்தில் நாள்தோறும் சிறிதளவாவது வளர்வதையே நோக்கமாகக் கொண்டதால் தமக்கு நிம்மதி வந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். அதைச் செயலிலும் காட்டினார். 2015-இன் இறுதியில் நடந்த காப்காம் உலகப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்று, கிடைத்த 60,000 டாலர் முழுவதையும், கேம் உருவாக்கும் கலையைப் பயிலும் மாணவர்களின் உபகாரச் சம்பளத்துக்காக நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். இதைப் படிக்கும்போது மனம் நெகிழ்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆயினும், ஒரு பெரிய மனிதருடைய பற்றின்மையை எடுத்துக்காட்டி, பணத்தைப் பற்றிப் பேசுகிற மற்ற ஆட்டக்காரர்களின் வாயை அடைப்பதை நான் ஒப்பமாட்டேன். பற்றின்மை அவரவர் தாமாக மேற்கொள்ள வேண்டிய விரதம். கம்பெனி பிறர்மேல் சுமத்தும் விரதத்துக்குப் பட்டினி என்று பெயர்.

நம் நாட்டு அரசாங்கம் 2022 டிசம்பரில், போட்டியாக ஆடப்படும் வீடியோ கேம்களாகிய இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸை அவற்றிலிருந்து வேறாகப் பிரித்து அங்கீகரித்தது. சூதாட்டத்தையும் வித்தையையும் ஒரே கயிற்றில் கட்டாமல் பிரித்தது நல்ல காரியம், வரவேற்கிறேன். அதே ஆண்டில், ஈவோவில் சோனி நிறுவனத்துக்கு இருந்த பங்கை நாட்வின் கேமிங் என்ற இந்திய நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆகவே, சண்டை கேம்களின் மிகப் பெரிய மேடையில் உரிமையாளரின் நாற்காலி ஒன்றில் அப்போது நம்மவர்களும் அமர்ந்தார்கள். களம் யாருடையது என்ற கேள்வியை இனி ஜப்பானியரையும் அமெரிக்கரையும் பார்த்து மட்டும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

விளையாட்டுத் துறை அமைச்சகம் அங்கீகாரம் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாமல், அந்த அங்கீகாரத்தைப் பெறுகிற போட்டிகளுக்குச் சில நிபந்தனைகளை எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு போட்டிப் பருவம் தொடங்கிய பின் கேமைத் திருத்துவதானால், இறுதிப் போட்டி முடியும் வரை பழைய பதிப்பிலேயே ஆட நிறுவனம் இடம்கொடுக்க வேண்டும். அறிவித்த பரிசு, உரிமம், உறுப்பினர் சீட்டு என்ற காரணங்களால் குறையாமல், குறித்த நாளுக்குள் ஆட்டக்காரர் கைக்குச் சேர வேண்டும். ஸ்பான்சரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை ஆட்டக்காரர் தம் மொழியில் படித்துக் கையெழுத்திடும் ஏற்பாடு வேண்டும். அவர்களுக்கென்று ஒரு சங்கம் அமையுமானால், விதிகளை வகுக்கும் மேஜையில் அதற்கும் ஓர் இடம் வேண்டும். வெளிநாட்டுப் போட்டிக்குத் தகுதி பெற்றவருக்கு விசாவுக்கான கடிதத்தை அமைச்சகமே கொடுக்கலாம். அதற்குப் பெரும் செலவு எதுவும் இல்லை. 2026-இல் ஜப்பானின் ஐச்சி–நகோயாவில் நடைபெறுவதாக அறிவிக்கப்பட்ட ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் பட்டியலில் சண்டை கேம்கள் மறுபடியும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தேசத்தின் பெயரைச் சட்டையில் தைத்து ஒரு பிள்ளையை அங்கே அனுப்புகிற அரசாங்கம், அந்தச் சட்டையைக் கழற்றிய மறுநாள் அவன் எதைக்கொண்டு ஜீவிப்பான் என்பதையும் இப்போதே யோசித்து எழுத்தில் வைத்துவிட வேண்டும்.